குச்சியக்கா

ஞாயிற்றுக்கிழமை, மதியம்

அன்பு அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் எழுதிக்கொள்வது. நான், உங்கள் மகள் பட்டாணி, என் தையல் மெஷின், மூவரும் சுகம். அண்ணன் லாரியோடு வடக்கே போயிருக்கிறார், பத்து நாளில் திரும்பிவிடுவார். நீங்கள் அந்த வெளியூரில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? ஊரில் இருக்கிற நோயாளிக்கெல்லாம் பார்த்துப் பார்த்து மருந்து கொடுக்கிற நர்ஸம்மா தன் உடம்பை மட்டும் கவனிப்பதில்லை என்று அண்ணன் புலம்பிவிட்டுத்தான் வண்டி ஏறினார்.

உங்கள் போன கடிதத்தில் பட்டாணியைப் பற்றி அரைப் பக்கம், என் அரளியைப் பற்றி இரண்டு பக்கம். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் விஷச்செடி எதற்கு, இலை விஷம், பூ விஷம், பால் விஷம் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. பொய் சொல்வானேன்.

கொல்லைப்புறம் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். மேற்கு பார்த்த சுவர், மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அடுப்பு மாதிரி காயும். மூன்று ரோஜா என் கையால் சொர்க்கத்துக்குப் போயின. மல்லிகை ஒரு மாதம் தாங்கியது. நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த வீட்டுக்குத் திரும்பி வந்த வருஷம், பஸ் டெப்போ சுவரோரம் பூத்துக்கிடந்த செவ்வரளியிலிருந்து பென்சில் பருமனில் ஒரு சாண் குச்சி ஒடித்துவந்து பாட்டில் தண்ணீரில் போட்டேன். மூன்று வாரத்தில் வெள்ளை வேர் விட்டது. மணல் கலந்து நட்டேன். முதல் கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர், அவ்வளவுதான். அப்புறம் நான் மெஷினில் உட்கார்ந்து உலகத்தையே மறந்தாலும் அது பாட்டுக்குப் பூத்தது. பூத்து ஓய்ந்ததும் கையில் துணி சுற்றிக்கொண்டு மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டால் போதும், அடுத்த முறை இரண்டு மடங்கு பூக்கும். உரம் கிடையாது, பூச்சி கிடையாது. ஆடு மாடு கிட்டே வராது. நானும் அதுவும் ஒரே வருஷம் இந்த வீட்டுக்கு வந்தோம் அண்ணி. என் கையாலும் ஏதோ ஒன்று தழைக்கும் என்று காட்டியது அது ஒன்றுதான்.

சரி, புலம்பல் போதும். நீங்கள் சொன்னபடி வேரோடு எடுத்துவிட்டேன். இலை, பூ எல்லாவற்றையும் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டேன். நிம்மதியா?

நான் எதையும் வீணாக்க மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. கோடு போட்டமாதிரி நேராக இரண்டு குச்சி இருந்தன. தோல் சீவி நாலு நாள் வெயிலில் காயவைத்தேன். பால் எல்லாம் வற்றி வெறும் கட்டையானதும், அவற்றை உள்ளே வைத்து வெட்டுத்துணியில் பட்டாணிக்கு ஒரு பொம்மை தைத்தேன். மஞ்சள் பாவாடை, கறுப்பு நூல் சடை. நேராக நிற்கும், தலை தொங்காது. அவளே பேர் வைத்தாள், குச்சியக்கா. சாப்பிடும்போது குச்சியக்கா, குளிக்கும்போது குச்சியக்கா. அத்தைக்கு இரண்டாவது இடம்தான்.

இன்னொரு சந்தோஷ சேதி. விரல் சூப்புவதை விட்டுவிட்டாள்! மருந்துக்கடைக்காரர் கொடுத்த கசப்பு மருந்தை இரண்டு மாதமாகக் கட்டைவிரலில் தடவிக்கொண்டிருந்தேன். அந்தக் கசப்பையும் சேர்த்துச் சூப்பிக்கொண்டிருந்தவள், பொம்மை வந்ததிலிருந்து விரலைத் தொடுவதே இல்லை. குச்சியக்காவின் காலை வாயில் வைத்துக்கொண்டு தூங்கிவிடுகிறாள். துணிதானே, தினமும் துவைத்துப் போடுகிறேன். இதையும் கொஞ்ச நாளில் விட்டுவிடுவாள்.

இரண்டு நாளாகச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. நேற்று ஒரு முறை வாந்தி எடுத்தாள். வெயில்தான், வேறொன்றும் இல்லை. கஞ்சி கொடுத்தேன், குடித்தாள். நீங்கள் அங்கே உட்கார்ந்து கவலைப்பட வேண்டாம்.

அடுத்த லீவில் அவளைக் கூட்டிக்கொண்டு போவதாக எழுதியிருந்தீர்கள். பெற்றவள் நீங்கள், நான் என்ன சொல்ல இருக்கிறது. செடி போன இடம் மொட்டையாக இருக்கிறது, அங்கே என்ன வைக்கலாம் என்று மட்டும் எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிரியமுள்ள,
நாத்தனார்


செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரி வராந்தா

அண்ணி,

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். எப்படி ஆனாலும் மருந்துக்கடைக்காரர் தந்தி கொடுத்துவிடுவார். எழுதிக்கொண்டிருக்கிற எனக்குத்தான் தெரியாது. நாளை மத்தியானம் வரை எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். உள்ளே ஒருவரையும் விடவில்லை. கை சும்மா இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்கிறேன். காலையில் எழுந்ததிலிருந்து வாந்தி. ஏழு முறை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். அப்புறம் அழுவதையும் நிறுத்திவிட்டாள். ‘அத்தே, எல்லாம் மஞ்சளா இருக்கு’ என்றாள். அவள் சட்டையைக்கூட மாற்றாமல் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். பக்கத்து வீட்டு டீச்சர் ஆட்டோ பிடித்துக் கொடுத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொள்கிறேன், நீ போ என்றார்.

டாக்டரம்மா நாடி பார்த்தார். மறுபடி பார்த்தார். இந்த வயசுக்கு இவ்வளவு மெதுவாக ஓடக்கூடாதே என்றார். ஏதாவது மாத்திரையை விழுங்கினாளா என்று கேட்டார், இல்லை என்றேன். வீட்டில் விஷச்செடி ஏதாவது உண்டா, அரளி மாதிரி, என்று கேட்டார்.

அரளி என்று பேர் சொல்லியே கேட்டார் அண்ணி.

இருந்தது, வேரோடு எடுத்தாயிற்று என்றேன். உங்களுக்கு எழுதின அதே வார்த்தை. இரண்டாவது முறை சொல்லும்போது நாக்கு கூசவே இல்லை. நான் வேரை எடுக்கவில்லை. மனசு வரவில்லை. தரையோடு வெட்டிவிட்டு, அடிக்கட்டைமேல் பழைய தகர டின்னைக் கவிழ்த்து வைத்தேன். நீங்கள் அங்கே இருக்கிறீர்கள், யார் வந்து டின்னைத் தூக்கிப் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு தைரியம். டாக்டரம்மா கேட்டபோது எனக்கு அந்த டின்தான் ஞாபகம் வந்தது. பட்டாணி அந்தப் பக்கம் போகவில்லை, டின் நகரவில்லை, அதனால் நான் சொல்வது பாதி உண்மைதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். குச்சியக்கா என் ஞாபகத்துக்கே வரவில்லை. அவளைப் பட்டாணி இடுக்கிக்கொண்டுதான் கட்டிலில் கிடந்தாள். இவ்வளவு பக்கத்தில்!

சாதாரண வயிற்றுக்கோளாறுக்குக் கொடுக்கிற மருந்தைக் கொடுத்து, பார்க்கலாம் என்றார்கள். ஒரு மணி நேரம் போனது.

அப்போதுதான் மருந்துக்கடைக்காரர் சைக்கிளில் மூச்சிரைக்க வந்தார். செருப்புகூட இல்லை. அவர் கடைக்கு உங்கள் போன் வந்ததாம். நீங்கள் சொல்லச் சொல்ல மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டு, நம் வீட்டுக்கு ஓடி, டீச்சர் சொல்லி இங்கே வந்திருக்கிறார். ‘உங்க அண்ணி அழுதுகிட்டே சொன்னாங்கம்மா, இதை அப்படியே படிச்சிடறேன்’ என்று படித்தார். பொம்மைக்குள்ள இருக்கிறது அரளிக் குச்சி, காய்ஞ்சாலும் விஷம் போகாது, பிடுங்கித் தூரப் போடு, குழந்தை வாந்தி எடுத்தா உடனே டாக்டர்கிட்ட சொல்லு.

அரளிப்பால் வற்றினால் விஷமும் வற்றிவிடும் என்று நான் நினைத்தேன் அண்ணி. இத்தனை வருஷம் வளர்த்தவள், வெட்டும்போது கையில் துணி சுற்றிக்கொள்கிறவள், இதைப் போய்த் தெரியாமல் இருந்திருக்கிறேன். கசப்பாக இருந்தால் துப்பிவிடுவாளே என்றுகூட யோசித்தேன். அந்தக் கசப்பை அவளுக்குப் பழக்கிவிட்டதே நான்தான், இரண்டு மாதமாக விரலில் தடவித் தடவி.

இப்போது சொல்லப்போவதைத்தான் எழுத உட்கார்ந்தேன். சீட்டைக் கேட்டதும் நான் ஓடவில்லை. நின்றேன். டாக்டரம்மாவின் அறை பத்தடி தூரம்கூட இல்லை. கதவு திறந்துதான் இருந்தது. இப்போது போய்ச் சொன்னால் என் பொய் தெரிந்துவிடும், அண்ணன் இனி என் முகத்தில் விழிக்க மாட்டார், நீங்கள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவீர்கள். இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மனசில் ஓடியது. ஒரு நிமிஷம் இருக்கும். கூடவும் இருக்கலாம். மருந்துக்கடைக்காரர் ‘என்னம்மா மரம் மாதிரி நிக்கிறே, போ!’ என்று அதட்டினார். அப்புறம்தான் கால் நகர்ந்தது.

சொன்னேன். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டக்கூட நேரமில்லை அவருக்கு. பட்டாணி கையிலிருந்து பொம்மையைப் பிடுங்கினார்கள். இடது காலில் தையல் விட்டு, குச்சி முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, கடித்துக் கடித்து நார் நாராக. நான் போட்ட தையல். ஊரே என் தையல் பிரியாது என்று சொல்லும்.

மூக்கு வழியாகக் குழாய் போட்டு, கரி கரைத்த தண்ணீரை இறக்கினார்கள். நாடி ஐம்பதுக்கு வந்துவிட்டது என்று ஒரு நர்ஸ் இன்னொருவரிடம் சொன்னது காதில் விழுந்தது. உங்களுக்கு அதன் அர்த்தம் என்னைவிட நன்றாகத் தெரியும். நெஞ்சில் ஒயர் ஒட்டி, துடிப்பைக் கோடாகப் போடுகிற மெஷினில் இணைத்திருக்கிறார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் அந்தக் கோடு தெரிகிறது. புதிதாக மெஷின் பழகுகிறவள் போடுகிற தையல் மாதிரி, இரண்டு சேர்ந்தாற்போல், அப்புறம் ஒரு நீளமான இடைவெளி. விஷத்துக்கு மாற்று மருந்து பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறதாம், ஆள் போயிருக்கிறது.

அண்ணன் வழியில் ஒரு டோல்கேட்டிலிருந்து மருந்துக்கடைக்குப் போன் செய்து, குழந்தை ஆஸ்பத்திரியில் இருப்பதைத் தெரிந்துகொண்டாராம். அண்ணிக்கு இப்போதைக்கு எதுவும் எழுதாதே, தனியாக உட்கார்ந்து அழுவாள் என்றாராம். குழந்தையைக் காப்பாற்ற முதலில் போன் செய்தவளே நீங்கள்தான் என்று அவருக்கு இன்னும் தெரியாது.

என் கடிதத்தை நீங்கள் ஒரு நாள் தள்ளிப் பிரித்திருந்தால்? அதை நினைக்கவே முடியவில்லை. பொம்மை பிரமாதம், சமத்து நாத்தனார் என்று நினைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால்? நான் பெருமை பீற்றிக்கொண்டு எழுதினது

கூப்பிடுகிறார்கள். போகிறேன்.


வியாழக்கிழமை, பகல்

அன்பு அண்ணிக்கு,

பட்டாணி வீட்டில் இருக்கிறாள். தந்தி கிடைத்திருக்கும், ஆனாலும் இதை நானே எழுதினால்தான் எனக்கு உயிர் வருகிறது. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள், வீட்டுக்கு வந்து எட்டு நாள் ஆகிறது. நேற்று டாக்டரம்மா மறுபடியும் நெஞ்சுத்துடிப்பைப் பார்த்தார், கோடு சீராகிவிட்டது. சாப்பிடுகிறாள், சண்டை போடுகிறாள், டீச்சர் வீட்டுப் பூனையின் வாலைப் பிடித்து இழுத்தாள். பூனை கத்திய கத்தலில் தெருவே எட்டிப்பார்த்தது. எனக்கு அது சங்கீதம் மாதிரி இருந்தது, போங்கள்.

அன்று பாதியில் நிறுத்தின கடிதத்தை அப்படியே தபாலில் போட்டுவிட்டேன். திருத்தவில்லை. அந்த ஒரு நிமிஷம் பற்றி எழுதினதைக் கிழித்துவிடலாம் என்று கை போனது. கிழித்திருந்தால் அது மூன்றாவது பொய்யாகியிருக்கும். மாற்று மருந்து வந்து சேர்ந்தது, ஏற்றினார்கள், மறுநாள் பதினொரு மணிக்குக் கண் திறந்து ‘குச்சியக்கா எங்கே’ என்றாள். அத்தை எங்கே என்று கேட்கவில்லை. அன்றைக்கு அதுவும் எனக்குச் சரி என்றே பட்டது.

அண்ணன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார். நாலாம் நாள் காலையில் கொல்லைக்குப் போய் அந்த டின்னைக் காலால் எத்தினார். அடியில் பார்த்தால், வெளிச்சமே படாத அந்த அடிக்கட்டையில் வெளுத்துப்போய் ஐந்தாறு தளிர் விட்டிருக்கிறது. தண்ணீர் ஊற்றவில்லை, வெயில் காட்டவில்லை, டின்னுக்குள் அடைத்துவைத்தேன், அப்படியும் வளர்ந்திருக்கிறது. எந்தக் கவனிப்பும் கேட்காது என்று நான் தலையில் தூக்கிவைத்து ஆடின செடி அல்லவா.

அண்ணன் கடப்பாரையை என் கையில் கொடுத்தார். நீயே தோண்டு என்று மட்டும் சொன்னார். நாலு நாளில் அவர் பேசின முதல் பேச்சு. தோண்டினேன். மண் காய்ந்து பாறையாகக் கிடந்தது. ஒரு மணி நேரத்தில் உள்ளங்கை இரண்டும் கொப்புளம். அப்புறம் அவர் மண்வெட்டியோடு எதிரில் வந்து குனிந்தார். மத்தியானம் வரை இருவருமாகத் தோண்டினோம். வேர் சுவருக்கடியில் என் கை நீளத்துக்குப் போயிருந்தது. எல்லாவற்றையும் சாக்கில் கட்டினோம். கொளுத்திவிடலாம் என்று நான் தீப்பெட்டி எடுத்ததும் டீச்சர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ‘ஏம்மா, பட்டது போதாதா? அந்தப் புகையும் ஆகாதும்மா!’ என்று சத்தம் போட்டார். ஊருக்கு வெளியே ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தார் அண்ணன்.

இந்த முறை நிஜமாகவே வேரோடு எடுத்தாயிற்று அண்ணி. நம்ப வேண்டாம், வந்து பாருங்கள். குழியை மூடாமல் வைத்திருக்கிறேன். பட்டாணி விழாமல் இருக்க மேலே பலகை போட்டு, அதன்மேல் அம்மிக்கல்லை ஏற்றியிருக்கிறேன்.

அங்கே செம்பருத்தி வைக்கலாம் என்று டீச்சர் சொல்கிறார். இலையைத் தின்றாலும் பூவைத் தின்றாலும் ஒன்றும் ஆகாதாம். ஆனால் அந்தச் சுவரோரத்தில் தினமும் தண்ணீர் கேட்கும், வெள்ளைப்பூச்சி அப்பும், இலை இலையாகத் துடைக்க வேண்டும். கேட்கட்டும். துடைக்கிறேன். நீங்கள் சரி என்றால்தான் வைப்பேன்.

உங்கள் தந்தி வந்தது. அடுத்த மாதம்தான் லீவு கிடைத்தது, வருகிறேன், பட்டாணியைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று இருந்தது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். நீங்கள் செய்வது சரிதான். நான் உங்கள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்வேன், இன்னும் இரண்டு மடங்கு கத்திவிட்டுச் செய்வேன். போக வேண்டாம் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. அந்த ஒரு நிமிஷம் நின்றேனே, அதற்கு அப்புறம் எந்த முகத்தோடு கேட்பது?

அவளுக்குப் புதுசாக ஒரு பொம்மை தைத்துக் கொடுத்திருக்கிறேன். உள்ளே பஞ்சு மட்டும்தான். நிற்கவும் மாட்டேன் என்கிறது, உட்காரவும் மாட்டேன் என்கிறது, தலை இப்படியும் அப்படியும் தொங்குகிறது. தூங்குமூஞ்சி என்று பேர் வைத்திருக்கிறாள். காலை வாயில் வைக்கவில்லை. மறுபடி விரலுக்கு வந்துவிட்டாள். கசப்பு மருந்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டேன். இதை எழுதும்போது என் காலடியில் துணிக்குவியல்மேல் படுத்துத் தூங்குகிறாள், கட்டைவிரல் வாயில். தூக்கத்தில் எடுத்துவிட்டால் தேடுவாள், அதனால் எடுக்கவில்லை. நாலு தடவை எழுதுவதை நிறுத்திவிட்டுக் குனிந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாகிவிட்டது.

அவள் கொண்டுபோக ஐந்து கவுன் தைத்து முடித்துவிட்டேன். வேகமாக வளர்கிற வயசு, அதனால் எல்லாவற்றிலும் கீழே நாலு விரல் மடித்து உள்தையல் போட்டிருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரு மடிப்பைப் பிரித்துவிட வேண்டும். துணி கிழியாமல் பிரிக்க வேண்டும், பழைய தையல் தடம் தெரியாமல் புதுசாக ஓரம் அடிக்க வேண்டும். அவசரக்காரர்கள் கையில் கொடுத்தால் கெடுத்துவிடுவார்கள். அங்கே பக்கத்தில் அதற்கு ஒரு கை இருக்கிறதா என்று விசாரித்து, ஒரு வரி எழுதுங்கள் அண்ணி. இல்லையென்றாலும் எழுதுங்கள்.

நீங்களும் குழந்தையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உங்கள்,
பட்டாணியின் அத்தை